உயிரோடிருந்தவருக்கு முறித்த கோல்

பேய், செய்வினை என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிறவன் நான். யாழ்ப்பாணத்தில் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன்; எண்ண முடியாத எதையும் நம்பியதில்லை. இதைப் படித்துவிட்டுக் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். டொக்டர் இரண்டு தரம் சோதித்துவிட்டார், கலங்கவில்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு லண்டன் ஸ்ட்ரெதமில் என் வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளித் தவராசா இருந்தார். வார நாளில் பெற்றோல் நிலையத்தில் வேலை, சனி ஞாயிறில் தமிழ் விழாக்களில் மஜிக். அதற்கு முன் டொரொண்டோவில் ஆறு வருடம் இருந்தவர். அங்கே மஜிக்காரர்களின் சங்கம் ஒன்றில் அங்கத்தவர். அவர்களுடைய செய்தித்தாள் மாதாமாதம் லண்டனுக்கு வரும். யார் எந்த ஊரில் மேடை ஏறினார், யாருடைய புறா செத்தது, யார் யாருடைய வித்தையைத் திருடினார் என்று எட்டுப் பக்கம். தவராசாவுக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. அவருடைய லண்டன் செய்திகளை நான்தான் எழுதி அனுப்புவேன். பதினாறு கடிதம் எழுதியிருக்கிறேன். அங்குள்ளவர்களுக்கு என் கையெழுத்தும் பெயரும் பழக்கம்.

கடைசிப் பக்கம் இறந்தவர்களுக்கு. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: மஜிக்காரர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஓரிடத்தில் கூடி நிற்க, மூத்தவர் ஒரு மந்திரக்கோலை இரண்டாக முறிப்பார். அதோடு அவருடைய வித்தை முடிந்தது என்று அர்த்தம்.

அந்த ஓகஸ்டில் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. நவம்பரில் வருடாந்தக் கூட்டம், பெரிய மேடையில் பன்னிரண்டு நிமிடம் தவராசாவுக்கு. மனுசன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாஸ்டர், எட்டு வருசமாக் கேட்டது. அங்க ஏறீட்டனெண்டா இந்தப் பெற்றோல் மணத்தை விட்டிடுவன். 'வாறன்' எண்டு உடன எழுதிப் போடுங்கோ."

எழுதியிருப்பேன். ஆனால் அதே கிழமை விம்பிள்டனில் ஒரு விழா. தவராசா என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பத்துச் சீட்டை எண்ணச் சொன்னார். எண்ணினேன், பதின்மூன்று. திரும்ப எண்ணினேன், ஏழு. மூன்றாம் தரம் பதினொன்று. அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "முப்பத்திரண்டு வருசம் கணக்குப் படிப்பிச்சவர், பத்து மட்டும் எண்ண ஏலாமல் நிக்கிறார்! இவரிட்டப் படிச்ச ஆக்கள் ஆராவது இருக்கிறியளோ? பாவம் நீங்கள்!" என்றார். எண்பத்தாறு பேர் சிரித்தார்கள். அதில் நாலு பேர் என் பழைய மாணவர்கள். அடுத்த நாள் டூட்டிங் மரக்கறிக் கடையில் ஒருத்தன், "மாஸ்டர், பத்துக்குப் பிறகு என்ன வரும்?" என்று கேட்டான்.

அன்று மாலை உட்கார்ந்து டொரொண்டோவுக்கு எழுதினேன். தவராசா மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று எழுதினேன். சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்து ஒரு திகதி போட்டேன். நம்பவேண்டும் என்பதற்காக வேறும் சில வரிகள் சேர்த்தேன். அவருக்கு அந்த மேடை கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

பதில் என் விலாசத்துக்கு வந்தது. ஒக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோல் முறிப்போம், அவருடைய பன்னிரண்டு நிமிடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று. பதினொன்றோடு ஐந்தைக் கூட்டினால் இங்கே பின்னேரம் நாலு மணி. அந்த ஆறு கிழமையில் தவராசாவை ஒன்பது தரம் கண்டேன். ஒன்பது தரமும் "எழுதிப் போட்டாச்சு" என்றேன். கோட்டு ஒன்று தைப்பித்து, போட்டும் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை டூட்டிங் மண்டபம் ஒன்றில் பிறந்தநாள் விழா. அறுபத்துநாலு கதிரை, ஐம்பத்தேழு பேர். மூன்றரைக்குத் தவராசா தொடங்கினார். நல்ல கைதட்டல். நான் கடைசி வரிசையில் ரோல்ஸ் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். நாலு மணிக்குக் காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் ஒன்று கேட்டது. தவராசா கையிலிருந்த கோலைப் பார்த்தார். அது முழுசாகத்தான் இருந்தது.

நம்பினால் நம்புங்கள், ஐம்பத்தாறு பேரும் அந்தக் கணமே மேடையிலிருந்து முகத்தைத் திருப்பினார்கள். ஒருத்தி பிளாஸ்கைத் திறந்தாள். இரண்டு பேர் வீட்டு வாடகை பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். விழாக்காரர் மேடையில் ஏறித் தவராசாவின் பக்கத்திலேயே நின்று ஒலிவாங்கியில் சொன்னார்: "மஜிக்காரர் இன்னும் வரேல்லை. ஆள் மறையிற வித்தையை வீட்டிலையே செய்து பாத்திட்டார் போல!"

எல்லோரும் சிரித்தார்கள். தவராசாவும் சிரித்தார். தன்னை வைத்துப் பகிடி விடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். பிறகு விழாக்காரருடைய தோளைத் தட்டினார். பிறகு உலுக்கினார். விழாக்காரரோ ஈ விரட்டுவதுபோலத் தோளை அசைத்துவிட்டுக் கேக் வெட்டக் கூப்பிட்டார்.

"அண்ணை, பகிடி காணும், விடுங்கோ," என்றார் தவராசா. கீழே இறங்கி ஒவ்வொரு வரிசையாக வந்து முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். ஒருவரும் கண் இமைக்கவில்லை. கடைசி வரிசையில் என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன.

"மாஸ்டர், நீங்கள் என்னைப் பாக்கிறியள். சொல்லுங்கோ இவையளுக்கு. மாஸ்டர், நான் நிக்கிறன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் எனக்கு மட்டும் தெரிகிறது என்று கேட்பார்களே என்ற பயம். அந்தப் பயத்துக்கு அடியில், இப்போது உண்மையைச் சொல்கிறேன், ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. நான் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு தரம் "மாஸ்டர்" என்றார். நாலாவது மிக மெதுவாக வந்தது. நிமிர்ந்தபோது அவர் இல்லை. மேடையில் மேசை இல்லை, பெட்டி இல்லை. கதவு திறந்த சத்தமும் கேட்கவில்லை.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி யோகம் கதவைத் திறந்தாள். சுவரில் தவராசாவின் படம், மாலை, விளக்கு. மாலை வாடி உலர்ந்திருந்தது.

"என்ன மாஸ்டர், முப்பத்தொண்டாம் நாள் காரியத்துக்குப் பிறகு இந்தப் பக்கமே வரேல்லை?"

"ஆற்றை முப்பத்தொண்டு?"

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "உங்களுக்கும் மனம் சரியில்லை, என்ன? உங்கட மடியிலதானே போனவர்."

என் மடியில் உயிர் போனது என்ற வரி நான் டொரொண்டோவுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. நான் யாருக்கும் வாயால் சொன்னதில்லை. செத்த திகதி எது என்று கேட்டேன். கலண்டரில் நான் தேர்ந்த அதே திகதியைச் சொன்னாள். பெற்றோல் நிலையத்தில் விசாரித்தேன், விழாக்காரரிடம் விசாரித்தேன்; அன்றைக்கு மஜிக் என்று ஒருவரையும் கூப்பிடவே இல்லை என்றார். எல்லோரும் செத்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே நான் அழுதேனாம்.

யோகம் ஒவ்வொரு வருடமும் திவசத்துக்கு என்னை முதல் ஆளாகக் கூப்பிடுகிறாள். இதுவரை பத்தொன்பது திவசம். முதல் வாழையிலை எனக்கு. தானே பரிமாறிவிட்டு, மற்றவர்கள் சாப்பிடத் தொடங்கியதும் பக்கத்தில் வந்து குந்தி, ஒவ்வொரு வருடமும் அதே கேள்வியைக் கேட்கிறாள்.

"கடைசியா உங்களைக் கூப்பிட்டவரோ, மாஸ்டர்?"

"ஓம் பிள்ளை," என்கிறேன். "கூப்பிட்டவர்."

"நீங்கள் பக்கத்தில இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல்," என்று சொல்லி, இலையில் இன்னொரு வடையை வைக்கிறாள்.