விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

நுர்ஜமாலைக் கூட்டிவந்தது நான்தான். பிஷ்கெக் நகரத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் நான் சமையல்காரி. அவள் என் பக்கத்து வீட்டுக்காரி, சர்க்கரை ஆலையில் கணக்கு எழுதியே தலை நரைத்தவள். ஆலையை மூடிவிட்டார்கள். புருஷனும் போய்ச் சேர்ந்தான். எங்கள் கம்பெனியில் கணக்கு எழுதும் இந்த வேலை கிடைக்காவிட்டால், மகள் ஐபேரியை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு மாஸ்கோவுக்குக் கக்கூஸ் கழுவப் போக வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மா என்பது போனில் வரும் குரல்தான்.

கணக்குப் பரீட்சையில் அவள்தான் முதல். ஆனால் பாழாய்ப்போன இந்தக் கம்பெனிக்கு அது போதாது. எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். "நம்ம டீமோட செட் ஆகுறாங்களான்னு பாக்கணும்" என்பான் முதலாளி எல்தியார். நேற்று மீசை முளைத்த பயல்.

சிக்கலே அங்கேதான். எங்கள் வழக்கப்படி வயதில் மூத்தவர் கதவுக்கு எதிரே, மரியாதையான இடத்தில் உட்கார வேண்டும். இளையவள் கதவோரம் உட்கார்ந்து தேநீர் ஊற்ற வேண்டும். அந்த அறையில் எல்லோருக்கும் மூத்தவள் நுர்ஜமால். அந்த இடத்திலோ எல்தியார்.

"இங்க வாங்கக்கா" என்று அரைகுறையாக எழுந்தான்.

"இருக்கட்டும் தம்பி, எனக்கு இதுவே வசதி" என்று கதவோரம் உட்கார்ந்தவள், மேயரிம் என்ற சின்னப் பெண்ணின் கையிலிருந்து கூஜாவையும் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் பாதிக் கிண்ணம் ஊற்றினாள். பாதி ஊற்றினால், இரு, இன்னும் தருகிறேன் என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு. டீமில் இருந்த பையன்கள் மாமியார் வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கூசிக்கொண்டே இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினார்கள்.

எல்தியார் சமையலறைக்கு வந்தான். "அவங்க ஊத்தி நான் குடிக்கிறதா? எங்கம்மா கேட்டா செருப்பாலயே அடிப்பாங்க. நாளைக்கு ஒரு தப்பு நடந்தா எப்படித் திட்டுறது?"

"திட்டத் தோதா ஆள் தேடுறியா, கணக்கு எழுதவா?"

"நல்லவங்கதான்க்கா. செட் ஆகாது."

அந்த மரியாதையான இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தால் திமிர் பிடித்தவள் என்றிருப்பான்.

எல்தியார் திரும்பிப் போய், "மேயரிம், அக்காவுக்கு நீ ஊத்து. நிறையவே ஊத்து" என்றான். வாயால் சொல்லக்கூடத் துப்பில்லை அவனுக்கு. அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்காமல் தளும்பத் தளும்ப ஊற்றினாள். நுர்ஜமால் கிண்ணத்தையே பார்த்தாள். பிறகு, கொதிக்கக் கொதிக்கக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"நாங்க கூப்பிடுறோம்க்கா" என்றான்.

"எதுக்குப்பா சிரமம்? அதான் சொல்லிட்டீங்களே."

மறுவாரம் கணக்கு எழுதும் நாற்காலியில் எல்தியாரின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி வந்து உட்கார்ந்தான். கணக்கு சுத்தமாக வராது. ஆனால் நன்றாகச் செட் ஆனான்.

நுர்ஜமால் மாஸ்கோவுக்குக் கிளம்பிய அன்று வழிக்குப் பொரித்த ரொட்டி கொண்டுபோனேன். வாசலில் பெட்டி. ஐபேரி கதவோரம் உட்கார்ந்து அம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதிகூட இல்லை, ஒரு வாய். குடித்து முடித்ததும் இன்னொரு வாய்.

"போதும் கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னும் கொஞ்சம்மா. கொஞ்சூண்டுதான் ஊத்தினேன்."

கூஜாவைக் கெட்டியாகப் பிடித்திருந்த விரல்களை நுர்ஜமால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தன் கிண்ணத்தில் தானே விளிம்பு வரை ஊற்றி, நின்றபடியே குடித்தாள்.