பார்க்காமல் சொன்ன ஓகே

என் வாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் முதலில் ஓகே என்றுவிடும். ஆம்பூரில் ஷூ கம்பெனியின் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்துகொண்டு அந்த வார்த்தை இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது. தையல் நேராக இருந்தால் ஓகே. மேனேஜர் திட்டி முடித்தால் ஓகே சார். நேற்றைய பிரியாணி ஓகேதான் என்றால் சுமார். லைனில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஓகே ஆகும். அம்மா போனில் அத்தை வீட்டுச் சண்டையை ஆரம்பித்தால், "ஓகேம்மா, ஓகே" என்பேன். போதும், வை என்று அர்த்தம். அம்மாவுக்கு அது நன்றாகவே புரியும். இரண்டு நாள் பேசமாட்டார்.

நாங்கள் தைப்பது குழந்தைகளின் ஷூ. அதனால் ஊசி உடைந்தால் ஒரு சட்டம் உண்டு. துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, அட்டையில் முழு ஊசியாக அடுக்கி, செலோடேப் போட்டு ஒட்ட வேண்டும். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டோரில் புது ஊசி தருவார்கள்.

அன்று காலை டார்கெட்டில் பின்தங்கியிருந்தோம். ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் அக்கா ஒருவர், என்னைவிட மூத்தவர், அட்டையை நீட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். என் கண் டார்கெட் கணக்கு எழுதும் போர்டில் இருந்தது. "ஓகேக்கா, ஓகே, போய் தைங்க" என்று கையெழுத்தைக் கிறுக்கினேன்.

மத்தியானம் அட்டைகளைச் சரிபார்க்க வந்த குவாலிட்டி ஆள் என்னைக் கூப்பிட்டார். அந்த அட்டையில் ஊசிக்கு முனை இல்லை. கீழே என் கையெழுத்து இருந்தது.

எந்தக் குழந்தையின் காலில் போய்க் குத்துமோ! லைனை நிறுத்தினோம். காலையிலிருந்து தைத்த தோல் ஒவ்வொன்றையும் கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டரால் தடவினேன். மிஷினுக்கு அடியிலும் குப்பையிலும் மற்றவர்கள் தேடினார்கள். அந்த அக்காவும் குனிந்து தேடினார். கிடைக்கவில்லை.

கடைசித் தோலை அவர்தான் எடுத்து நீட்டினார். டிடெக்டர் கத்தியது. தோலை வாங்கி மேஜையில் வைத்துத் தடவினேன், சத்தமில்லை. லைனில் யாரையும் மோதிரம், வளையல் போட விடமாட்டோம். அவர் ஆள்காட்டி விரலில் டேப் சுற்றியிருந்தது. டிடெக்டரை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். மறுபடியும் கத்தியது.

டிடெக்டரைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலைப் பிடித்தேன்.

"இன்னாக்கா இது, ஏன் சொல்லல?"

"ஊசி வெரல்ல ஏறிச்சு, முனை கெடைக்கலன்னு சொல்லத்தான் வந்தேன் மேடம். நீங்க ஓகேன்னுட்டீங்க. சரி, எங்கனா உழுந்திருக்கும்னு போய்ட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். அந்த விரலோடு மூன்று மணி நேரம் தைத்திருக்கிறார். எங்கோ இருக்கும் குழந்தையின் காலுக்குப் பதறிய நான், எதிரில் நீட்டிய கையைப் பார்க்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் விரலைக் கீறி முனையை எடுத்தார்கள். மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஓகே மேடம்" என்றார்.

வாய்வரை வந்த ஓகேயை விழுங்கிவிட்டு, கையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கட்டுத்துணியில் சீழ் கசிந்திருந்தது. அவரை உட்காரவைத்துவிட்டுக் கம்பெனி வண்டிக்குப் போன் போட்டேன்.