ரயிலில் கண்டுபிடித்த கட்டி

இரண்டு வருஷத்துக்கு முன், சித்திரை லீவில் நடந்தது. ஹட்டனில் தங்கச்சி மகளின் சடங்குக்காக, நானும் பதினொரு வயது மகளும் கந்தப்பளையிலிருந்து வந்து நானுஓயாவில் ரயில் ஏறினோம்.

மகள் அப்போது என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தாள். இரண்டு ஆள் சோறு தின்பாள், உடம்போ குச்சி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் குளிரிலும் கம்பளியை உதைத்துத் தள்ளுவாள். கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. எழுத்து கிறுக்கலாக இருக்கிறதென்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதிலிருந்து, நான் அவளை அடிக்காத நாள் குறைவு.

ரயிலில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். கை நடுங்கி, எதிரே இருந்த சிங்கள அம்மாவின் சேலையில் பாதியைக் கொட்டிவிட்டாள். ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். மறுபடி ஓங்கிய கையை அந்த அம்மா பிடித்துக்கொண்டார்.

சேலையை அவர் துடைக்கவே இல்லை. மகளின் நாடியைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடிக்கச் சொல்லி, கழுத்தையே கவனித்தார். அவள் விழுங்கும்போது ஒரு பக்கத்தில் சின்ன உருண்டை ஒன்று ஏறி இறங்கியது. பெற்ற நான் அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறேன்!

அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸாம். தெரிந்த தமிழில் சொன்னார்:

“அடிக்க வேணாம் அம்மா. இது சேட்டை இல்ல, வருத்தம், நோய்.”

நாவலப்பிட்டிக்குப் போக வேண்டியவர் எங்களோடு ஹட்டனிலேயே இறங்கினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டொக்டரிடம் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். சடங்கு வீட்டை நான் மறந்தே போனேன்.

இரத்தம் சோதித்தார்கள். கண்டிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். தைரொயிட் சுரப்பியில் வந்த கட்டி, அளவுக்கு மீறிச் சுரந்து பிள்ளையின் உடம்பை ஓயாமல் விரட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இப்படி வருவது அபூர்வமாம். சில மாதம் மாத்திரை, பிறகு ஒப்பரேஷன். எடுத்த கட்டியில் புற்றுநோய் இல்லை என்று டொக்டர் சொன்னதும், வார்டு வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களும் விஷயம் தெரியாமலே சிரித்தார்கள்.

ஒப்பரேஷன் முடிந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் எழுத்துக் கொப்பியோடு ஓடிவந்தாள். “அம்மா, பாருங்க, ஒரு எழுத்துகூட கோட்டைத் தாண்டல!” அந்தக் கொப்பியோடு எங்கள் லயத்தில் நான் ஏறி இறங்காத வீடில்லை.

அவசரத்தில் அந்த மிஸ்ஸின் பேரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. ஆனால் அன்றிலிருந்து, “ஏன் இப்படிச் செய்யிற?” என்று பிள்ளையை அதட்ட வாய் திறப்பதற்கு முன், “உனக்கு என்ன செய்யுது?” என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.