பேர் போடாத அறிக்கை

அம்மாவைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். ஆனால் என்னை ஏமாற்றியவரை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு வருடம், ராகலைப் பக்கத்திலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். தோட்டத்துப் பெண்களுக்குப் பண அறிவு எவ்வளவு என்று அளக்க வேண்டுமாம். உயர்தரப் பரீட்சை முடித்து வீட்டிலிருந்த என்னை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். அந்நாளில் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அறிவென்றால் வட்டிக் கணக்குத்தான். நூறு ரூபாயைப் பத்து வீத வட்டிக்குப் போட்டால் ஐந்து வருடத்தில் எவ்வளவு? லயம் லயமாக, வீட்டு வரிசைகளுக்கெல்லாம் போய்க் கேட்டோம். எல்லோரும் "தெரியாதுங்க" என்றார்கள். அவர் பக்கம் பக்கமாகப் பூச்சியம் போட்டார்.

எனக்கு மானம் போயிற்று. எங்கள் பெண்கள் தெரியாது என்றால், உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அர்த்தம். அவர்களுடைய சம்பளத்தைப் புருஷன்மார் போய் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறித்து அன்றே வாங்கும் கைக்காசு மட்டும் அவர்களுடையது. அதில் ஒரு பங்கு, வீட்டுக்குத் தெரியாமல் சீட்டுக்குப் போகும். சீட்டைப் பிடித்தவர் என் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு பேர் கணக்கும் மனதில் இருந்தது. அடுத்த சீட்டு அம்மாவுக்கு. நான் ஹட்டன் நகரில் தங்கி மேலே படிப்பதற்கு அந்தப் பணம்தான்.

ரோஷத்தில் இதையெல்லாம் ஆய்வாளரிடம் கொட்டிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "பயப்பிடாதையும் பிள்ளை. ஒருத்தற்ற பேரும் அறிக்கையில வராது" என்றார்.

சொன்னபடி பேர் வரவில்லை. சில மாதம் கழித்து அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் தோட்டத்துக்கு வந்தது. வாசிகசாலையில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அதை உரக்க வாசித்தார். உயர்தரம் படித்த மகளையுடைய கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், கணவர்மாருக்குத் தெரியாமல் சீட்டு நடத்துகிறாராம். எங்கள் தோட்டத்தில் உயர்தரம் படித்த மகள் ஒருத்திதான் இருந்தாள். அவ்வளவு படித்த மனுஷிக்கு இது கூடவா தெரியாது? இன்றைக்கும் வயிறெரிகிறது.

அப்பா கை நீட்டவில்லை. "தோட்டமே சிரிக்கிது. நாளையோட நிப்பாட்டு" என்றார். மற்ற வீடுகளிலும் அதே கதைதான். சீட்டு உடைந்தது. ஏற்கெனவே எடுத்தவர்கள் மேற்கொண்டு கட்டவில்லை. எடுக்காதவர்களுக்கு அம்மா தன் காதுத் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தார். ஹட்டன் படிப்பு அதோடு சரி.

"நீயா சொன்ன?"

"ஆமாம்மா."

அம்மா திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

நாலைந்து வருடத்தில் ஆய்வுகளின் போக்கு மாறியது. வட்டிக் கணக்கு பின்னுக்குப் போய், பழக்கம், நம்பிக்கை என்று கேட்க ஆரம்பித்தார்கள். புதுப் படிவத்தோடு ஒரு மாணவி எங்கள் லயத்துக்கு வந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். சேமிப்பு உண்டா, சீட்டு உண்டா என்று எதைக் கேட்டாலும் அம்மா "தெரியாதுங்க" என்றார்.

"பண விஷயத்தில் குடும்பத்தில் யாரை நம்புவீங்க?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் இல்லங்க. இத எழுதிக்குங்க."