கேட்காமல் விட்ட வீடு

தராசக்கா என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவளைத் தெரியும். சுகாதார நிலையத்தில் குழந்தைகளை எடை பார்த்து ஊசி போடுகிற நர்ஸ். துணியோடு எடை போடவே மாட்டாள். குளிர், சளி என்று யார் என்ன சாக்குச் சொன்னாலும், "கழட்டும்மா, சட்டைக்கா எடை போடறேன்?" என்பாள். வரிசையே சிரிக்கும். சட்டையைக் கழற்றினால் தழும்பும் தெரியும் என்பது அவள் வெளியே சொல்லாத காரணம்.

டாக்டரம்மா வந்தபின் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. காய்ச்சல் உண்டா, சாப்பிடுகிறதா என்று கேட்கிற அதே மூச்சில், வீட்டில் யாராவது குழந்தையை அடிக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்து ஆள் பொறுக்கக் கூடாது, வருகிற தாய்மார் எல்லாரையும் கேட்க வேண்டும். அம்மை கண்டால் அந்த ஒரு பிள்ளையோடு விடுகிறோமா, வீட்டையும் தெருவையும் பார்க்கிறோம் இல்லையா, இதுவும் அப்படித்தான், அடி வாங்கி வளர்ந்த கைதான் பிறகு அடிக்கிறது என்றார் டாக்டரம்மா. தராசக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த வேலையை அவளைப் போல் மும்முரமாகச் செய்தவர் வேறு யாருமில்லை. முதலில் முறைத்த தாய்மார்கள்கூடப் பழகிப்போய், "இவன்தான் எங்களைப் போட்டு அடிக்கிறான்" என்று இடுப்புப் பிள்ளையைக் காட்டிக் கிண்டலடித்தார்கள். சிலர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களை உள்ளறையில் டாக்டரம்மாவிடம் உட்கார வைப்பாள். பிறகு குழந்தை நலத்துறை ஆட்கள் அந்த வீட்டுக்குப் போவார்கள்.

அவள் கேட்காமல் விட்டது ஒரே ஒரு வீட்டை. அது அவள் குடியிருந்த வீடு.

புருஷன் செத்தபின் ஒரு பையோடு வந்தவளைத் தம்பிதான் பின்னறையில் தங்க வைத்தான். அவள் தூக்கி வளர்த்த தம்பி. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு பெல்ட்டை உருவினால், தம்பியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தான் குறுக்கே நிற்பாள். இப்போது தம்பியும் அதே மாதிரி நாக்கைக் கடிக்கிறான். எதிரே அவனுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை. அந்த நேரத்தில் தராசக்கா பின்கட்டுக்குப் போய், பெல்ட் சத்தம் காதில் விழாதபடி குழாயைத் திறந்துவிடுவாள். வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்தாலும் மூடமாட்டாள். வாயைத் திறந்தால் தம்பியைப் போலீஸ் கொண்டுபோகும், தம்பி மனைவியும் தானும் நடுத்தெருவில் நிற்க வேண்டும். திறக்காவிட்டால் குழந்தை ஒருநாள் உயிரோடு இருக்காது. இரண்டையும் அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைத்த கையோடு மறுபடி குழாயைத்தான் திறந்தாள்.

தம்பி மனைவி குழந்தையோடு நிலையத்துக்கு வந்தால் சட்டையோடு எடை போட்டு அனுப்பிவிடுவாள். நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்பாள். ஊசி ஏறும்போது அந்தக் குழந்தை அழாது. என்ன சமர்த்து என்று வரிசையில் நிற்பவர்கள் மெச்சுவார்கள். அடிக்குப் பழகிய பிள்ளைதான் அப்படி அழாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மெச்சலுக்குத் தலையாட்டினாள், பாவி.

அன்றைக்கு எடை மேடை முன்னால் தம்பி மனைவி யாரும் சொல்லாமலே குழந்தையின் சட்டையைக் கழற்றினாள். முதுகில் பெல்ட் பட்டை கன்றிப் போயிருந்தது. 

"எல்லாரையும் கேக்கறீங்க அண்ணி," என்றாள் தாழ்ந்த குரலில். "என்னை மட்டும் ஒரு தடவைகூடக் கேக்கலையே."

 எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தராசக்கா வழக்கம்போல முதலிலிருந்தே தொடங்கினாள். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. சாப்பிடுகிறாளா? சாப்பிடுகிறாள்.

"வீட்ல யாராவது குழந்தைய அடிக்கறாங்களா?"

"உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

உள்ளறையில் தாய்மார்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் இன்று தராசக்காவும் உட்கார்ந்தாள். இடுப்பில் வீட்டுச் சாவி உறுத்தியது. சாயங்காலம் தம்பி வந்து கதவைத் தட்டுவானே, அவனுக்கு யார் சாப்பாடு போடுவது என்று அந்த நேரத்திலும் மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் என்ன நடக்கிறது என்று டாக்டரம்மா பொதுவாகக் கேட்டார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. சரி, முதலில் குழந்தையைப் பார்க்கிறேன் என்று எழுந்த டாக்டரம்மா, கை கழுவ மூலையிலிருந்த குழாயைத் திறந்தார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் குழந்தை அம்மா மடியிலிருந்து வழுக்கி இறங்கியது. மேசைக்கடியில் போய், தலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சுருண்டது. அப்போதும் அழவில்லை.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தராசக்கா எழுந்து போய்க் குழாயை மூடினாள். பிறகு யாரும் கேட்காமலே தம்பியின் பெயரைச் சொன்னாள்.