கடலுக்கு முதுகு காட்டும் இடம்

'சப்' என்ற அந்தச் சத்தம் எங்கள் வாயிலிருந்துதான் வந்தது. நல்ல கராத்தே உடுப்புப் போட்டவர்கள் காற்றில் குத்தினால் கைத்துணி தானாகவே படீரென்று அடிக்கும், கேட்பதற்கே ஒரு கம்பீரமாக இருக்கும். எங்கள் உடுப்புகளோ சுனாமி நிவாரணத்தில் கிடைத்த வெள்ளை 'பெட்சீட்'களை வெட்டித் தைத்தவை. எவ்வளவு வேகமாகக் குத்தினாலும் அவை ஈரத்துணி போலத் தொங்கிக்கொண்டு கிடக்கும். ஆகவே குத்துகிற ஒவ்வொருவரும் கூடவே உதட்டைக் குவித்து 'சப்' என்று சொல்லிக்கொள்வோம். கல்முனையில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டிப் போனவர்களுக்கு, ஒரு கூட்டம் பிள்ளைகள் வரிசையாக நின்று மாங்காய் சப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும்.

எங்களுக்குப் பழக்கியவர் நௌஷாத் மாஸ்டர். மாஸ்டர் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். பகலில் தன் காக்காவின், அதாவது மூத்த அண்ணனின், புடைவைக் கடையில் சாரன் விற்பார், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்களுக்கு அடிக்கவும் தடுக்கவும் காட்டித் தருவார். அவர் இடுப்பில் மண்ணிறப் பட்டி, அதாவது கறுப்புக்கு ஒரு படி கீழே. எங்களுக்கான பட்டிகளை அவர் மருதமுனையில் கைத்தறிக்காரர்களிடம் சாயம் போட்டு வாங்கி வருவார். வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், பச்சை என்று படிகள் ஏறிக்கொண்டு போகும். ஆனால் வியர்வை பட்டால் சாயம் இறங்கிவிடும். மஞ்சள் பட்டிக்காரன் யாரென்று அவன் பட்டியைக் கழற்றிவிட்டுக் கிணற்றடியில் குளிக்கும்போதும் இடுப்பைப் பார்த்தே சொல்லலாம்.

கராத்தே வகுப்புத் தொடங்கும்போது ஆசிரியருக்கு இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும் என்பது விதி. படைத்தவனுக்கல்லாமல் இன்னொருவருக்குக் குனிவதா என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் கேட்டுவிட, நௌஷாத் மாஸ்டர் ஒரு வாரம் தலையைச் சொறிந்துகொண்டு திரிந்தார். முடிவில், நிமிர்ந்து நின்று வலது கையை நெஞ்சில் வைத்து எல்லோரும் ஒரே குரலில் ஸலாம் சொல்வது என்று ஆயிற்று. கேட்டவர் திருப்திப்பட்டு, மறுவாரமே தன் பேரனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார்.

எனக்கு அந்த வகுப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடல் வந்த அன்று உம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் என் தம்பியையும் பிடித்துக்கொண்டு ஓடினார். தம்பியின் கை நழுவிவிட்டது. அதற்குப் பிறகு உம்மா என் கையை விடவேயில்லை. இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஓதுவதற்கு என்று எங்கே போனாலும் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே வருவார், படுத்தாலும் பிடித்தபடியே படுப்பார். பத்து வயதில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பன்னிரண்டு வயதில் கூட்டாளிமார் முன்னால் மானம் போயிற்று. அஸருக்கும் பொழுதுபட்டதும் தொழும் மஃரிபுக்கும் நடுவே, கராத்தே நடக்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் என் கை எனக்குச் சொந்தமாக இருந்தது. தற்காப்புக் கலை என்று யாரோ சொன்னது உம்மாவின் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

"எதுவும் வந்தாலும் என்ட புள்ள தப்பிருவான்தானே தம்பி?" என்று மாஸ்டரிடம் அடிக்கடி கேட்பார்.

"ஓம் சாச்சி, தப்பிருவான்" என்பார் அவரும்.

கடலைக் கராத்தேயால் எப்படித் தடுப்பது என்று நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும் என்று பயம்.

மைதானத்தின் கிழக்கு மதிலைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்தப் பக்கம் வீடுகள் நின்ற இடங்களில் வெறும் அத்திவாரங்கள், அவற்றுக்கப்பால் கடல். நாங்கள் மேற்கே பார்த்து நின்றுதான் 'கட்டா' பழகுவோம். எதிரே ஆள் இல்லாமல், ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பி ஓர் ஒழுங்கில் செய்துகாட்டும் அடிகளுக்குத்தான் கட்டா என்று பெயர். இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, பிறகு நேரே முன்னோக்கி நடந்து, முடிவில் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். அந்த நேரே நடக்கும் இடத்தில் கடல் முழுவதுமாக எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அந்த இடத்தை நாங்கள் எப்படிச் செய்துகொண்டிருந்தோம் என்பது எங்களுக்கே தெரியாமல் இருந்ததுதான் வேடிக்கை.

பட்டித் தேர்வு வந்தது. கறுப்புப் பட்டி இல்லாத நௌஷாத் மாஸ்டருக்கு வகுப்பு நடத்த அனுமதி கொடுத்தவர் மாத்தளைக்காரரான கறுப்புப் பட்டி ஆசிரியர் சிவலிங்கம் சேர். அவர் அம்பாறை நகரத்துக்கு வந்து எங்களைப் பார்ப்பார், பிள்ளைகள் பிழையாகப் பழகியிருந்தால் வகுப்பை மூடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வகுப்பு மூடப்பட்டால் என் மணிக்கட்டின் கதி என்ன என்று எனக்குத் தெரியும். அதைவிட, அம்பாறைக்குப் போகவே உம்மா விடுவாரா என்பது பெரிய கேள்வியாக இருந்தது.

"முழுநாளும் கைய உட்டுப்போட்டு என்னால இருக்க ஏலாது" என்று உம்மா அழத் தொடங்கிவிட்டார்.

"சாச்சி, நாங்க கடலுக்கு எதிர்ப்பக்கம்தானே போறம்" என்றார் நௌஷாத் மாஸ்டர்.

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப போகட்டும்" என்றார்.

யுத்தம் மும்முரமாக நடந்த காலம் அது. வழியில் சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி நடக்கவிட்டார்கள். பைகளைக் கிண்டிய ஒரு சிப்பாய் பட்டிகளைக் கண்டதும் சிரித்து, துவக்கைத் தோளில் சரித்துவிட்டு, காற்றில் ஒரு குத்துக் குத்திக் காட்டினான். எங்களில் ஒருவன் பழக்கதோஷத்தில் அவனுக்காக 'சப்' என்றான். நல்லவேளை, சிப்பாய்க்குக் கேட்கவில்லை.

மண்டபத்தில் நாங்கள் நெஞ்சில் கைவைத்து ஸலாம் சொன்னோம். சிவலிங்கம் சேர் ஒரு நொடி திகைத்து, பிறகு தட்டுத் தடுமாறிப் பதில் ஸலாம் சொன்னார். அதோடு எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கட்டாவைத் தொடங்கினோம். இடம், வலம், நேரே. "நிப்பாட்டுங்க" என்றார் அவர். மீண்டும் தொடங்கச் சொன்னார். மீண்டும் அதே இடத்தில் நிறுத்தினார்.

"ஏன் எல்லாரும் இந்த எடத்துல பின்னுக்குத் திரும்பிப் பார்க்குறீங்க? கட்டாவுல அப்படி ஒன்னு இல்லையே."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்படியா செய்கிறோம்? நௌஷாத் மாஸ்டர் முகம் வெளுத்து, தான் அப்படிப் பழக்கவே இல்லை என்றார். "அப்ப நீங்க செஞ்சு காட்டுங்க" என்றார் சேர். அவர் செய்து காட்டினார். நேரே நடக்கும் இடத்தில், கத்துவதற்குச் சற்று முன்னால், எங்கள் மாஸ்டரின் தலை சட்டென்று இடது தோளுக்கு மேலாகப் பின்னே திரும்பி மீண்டது.

"நீங்களே பார்க்குறீங்க. அப்புறம் புள்ளைங்க என்ன செய்யும்? இப்படி வகுப்பு நடத்த முடியாது" என்றார் சேர். கோபமாகச் சொல்லவில்லை, முடிவாகச் சொன்னார். எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, நான் வாயைத் திறந்தேன்.

"பின்னால கடல் கெடக்கு சேர்."

"கடலா? அம்பாறையில ஏதுடா கடல்?"

"இஞ்ச இல்ல சேர். எங்கட ஊர்ல."

சேர் எங்களை வரிசையாகப் பார்த்தார். பிறகு, "எந்தப் பக்கம் கடல்?" என்று கேட்டார். யாரும் யோசிக்கவில்லை. முதலில் நின்ற பச்சைப் பட்டியிலிருந்து கடைசி வெள்ளைப் பட்டி வரை எல்லாக் கைகளும் ஒரே திசையில், பின்னோக்கி, நீண்டன. அவர் எழுந்து எங்களைக் கடந்து அந்தப் பக்கம் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் இங்க நிக்கிறேன். வந்தா நான் சொல்றேன். நீங்க முன்னுக்குப் பார்த்துச் செய்யுங்க."

செய்தோம். முன்னால் நாற்காலியிலிருந்த அவருடைய உதவியாளர் புள்ளி போட்டார். நேரே நடக்கும் இடம் வந்தபோது என் பிடரி கூசியது, கழுத்து திரும்பத் துடித்தது. பின்னால் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். திரும்பாமலே நடந்தேன். அன்று நான் போட்ட கத்தலைப் போல வாழ்க்கையில் பிறகு போட்டதில்லை. எல்லோரும் தேறினோம். திரும்பி வந்த சேர், "பார்க்காமலே ஒன்னு தெரிஞ்சுது. வாயால சத்தம் போடுற பழக்கத்த விட்டுடுங்க" என்று மட்டும் சொன்னார்.

இடுப்பில் புது மஞ்சள் பட்டியோடு வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்று விடாமல் உம்மாவிடம் சொன்னேன். "அந்த மனிசன் கடசிமட்டும் அங்கயே நிண்டாரா?" என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். மறுநாள் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லி அழைத்ததும், என்னைக் கூட்டிப்போக உம்மா வழக்கம்போல் மைதானத்துக்கு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. "நீ முன்னால போ மகன்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால், கடல் பக்கமாக நடந்து வந்தார்.

யுத்தம் முடிந்தது. சாவடிகள் ஒவ்வொன்றாகப் போயின. மைதானத்துக்குப் புது மதில் எழும்பிவிட்டது. இப்போது என் மகள் அதே வகுப்பில் பழகுகிறாள், கடையில் வாங்கிய உடுப்பு அவளுக்குத் தானாகவே சத்தம் போடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பைக் கடற்கரைக்கே கொண்டுபோய்விடுகிறார்கள். முதன்முதலாக அவளை அங்கே கட்டா செய்யப் பார்த்தபோது நான் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். இடம் திரும்பினாள், வலம் திரும்பினாள், அலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே நடந்தாள். அவள் கூட்டாளிகளிலும் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பழையது போய்விட்டதே என்று எத்தனையோ விஷயங்களுக்குப் புலம்புகிற ஆள் நான். இந்த ஒன்று போனதற்கு அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு, கடலை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.