முளை இழுத்த மாடு

நிலாவெளிப் பக்கம் ஒரு மணல் மேடு. அதற்குள் ஆதிக்காலத்து ஆட்களைப் புதைத்த தாழிகள் இருக்கலாம் என்று, கிண்டுவதற்கு முன் கருவி வைத்துப் பார்க்கப் போயிருந்தோம், நானும் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய எங்கள் சேரும். இரும்பு முளைகளை வரிசையாக அடித்து, வயர் கொழுவி, மின்சாரத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது என் வேலை. கிணறு வெட்ட இடம் பார்ப்பவர்களும் இதே கருவியைத்தான் கொண்டு திரிவார்கள். வந்த வினை அதுதான்.

பக்கத்து வளவில் குடியிருக்கும் அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி பாக்கிறியளோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. செத்தவையைப் பாக்கிறம்."

"அவையைப் பாத்து என்ன செய்யப் போறியள்? என்ர வளவைப் பாருங்கோ. கிணத்துத் தண்ணி வாயில வைக்க ஏலாது."

பொய்யில்லை. அவர் தந்த தேத்தண்ணியில் சீனியை மீறி உப்புக் கரித்தது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வராத நாளில் அவருக்கு அதுதான் குடிநீர். புதுக்கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வருமா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நானோ பெரிய அதிகாரி மாதிரி, அனுமதி மேட்டுக்கு மட்டும்தான் என்று சொல்லி, முளைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், பாதி முளைகள் அவருடைய வளவுக்குள் நிற்கின்றன! வேலியைப் பிரித்து, எங்கள் முளை வரிசையை அப்படியே நீட்டி, ஒரே இடைவெளியில் என்னைவிட நேராக அடித்திருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஆர் அன்ரி இதைச் செய்தது?"

"மாடு இழுத்திருக்கும் பிள்ளை."

"மாடு சுத்தியலும் கொண்டு வந்ததோ?"

"இந்தக் காலத்து மாடுகளை நம்பேலாது," என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

சேர் சிரித்தே விட்டார். அவர் கையில் அன்ரி கொடுத்த நண்டுக்கறிக் கோப்பை வேறு. "ஒப்பிட்டுப் பாக்க வெளி நிலமும் வேணும்தானே, அளந்து பாருமன்," என்றார். என் சட்டம் ஒரு நண்டுக்காலுக்கு விலைபோனது.

அளந்தேன். பின்னேரம் கணினியில் படம் வந்தது. மேட்டுக்குள்ளே வட்ட வட்டமாக அடையாளங்கள். தாழிகள்தான் என்று சேர் துள்ளினார். நான் அதற்குக் கீழே பார்த்தேன். அன்ரியின் வளவு முழுக்க, கொஞ்ச ஆழத்திலேயே உப்புத் தண்ணீர். உயரமான மணலில் மழை இறங்கித் தேங்கியதால், நல்ல தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் இருந்தது, தாழிகளுக்கு நேர் கீழே. அங்கே கிணறு வெட்ட இனி யாரையும் விடமாட்டார்கள்.

அன்ரி கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"என்ன பிள்ளை, எங்க வெட்டலாம்?"

திரையில் விரலை வைத்து உள்ளதைச் சொன்னேன். அவர் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, செத்தவை நல்ல தண்ணிக்கு மேல படுத்துக் கிடக்கினம். உசிரோட இருக்கிற நான் உப்புத் தண்ணி குடிக்கிறன், என்ன?"

"ஓம் அன்ரி."

"சரி. கிண்டேக்க அவையிட்ட ஒருக்காக் கேட்டுப் பார் பிள்ளை, ஒரு வாளி அள்ள விடுவினமோ எண்டு."